வெனிஸ் முதல் நாள்: பட்டியலில் இல்லாத இடம்

ஊர் சுற்றப் போவதற்கும் எக்செல் ஷீட் போடுகிற ஆள் நான். சிரிக்காதீர்கள். இருபத்திரண்டு வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவனுக்கு எதைப் பார்த்தாலும் இரண்டு பத்திதான் கண்ணுக்குத் தெரியும்: திட்டமிட்டது ஒன்று, நடந்தது ஒன்று. வெனிஸ் முதல் நாளுக்கு நான் போட்ட பட்டியலில் ஏழு இடங்கள். பார்த்தது இரண்டரை. பட்டியலில் இல்லாத ஒரு இடத்தையும் பார்த்தோம். இந்தப் பதிவு முக்கியமாக அதைப் பற்றித்தான்.

2024 மே மாதம். பம்பாயில் பள்ளிக்கூட லீவு. நான், தங்கமணி, பத்தாவது முடித்த மகள், எழுபத்தொரு வயது அம்மா. எங்கள் விடுமுறைப் பயணச் சலுகையில் வெளிநாட்டை நுழைத்தால் வரிவிலக்கு கிடையாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆகவே முழுக்க முழுக்கச் சொந்தக் காசு. விசாவுக்கே ஆளுக்கு 80 யூரோ. ஒரு யூரோ தொண்ணூறு ரூபாய் என்று நான் பெருக்கிக்கொண்டே இருந்ததில் முதல் நாளே வீட்டில் எல்லோருக்கும் தொண்ணூறாம் வாய்பாடு மனப்பாடம்.

அம்மா வருவதாகவே இல்லை. "எனக்கு எதுக்குய்யா அதெல்லாம்? நீங்க போயிட்டு வாங்க, நான் பக்கத்து வீட்டு பென் கூட இருந்துக்கிடுதேன்" என்றாள். 2022-ல் அப்பா போனபிறகு தூத்துக்குடியிலிருந்து செம்பூருக்குக் கூட்டி வந்தோம். மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. ஆனால் பக்கத்து வீட்டு குஜராத்தி அம்மாவோடு எந்த மொழியில் அரட்டை என்று இன்றுவரை எங்களுக்குப் புரியவில்லை. அந்த அம்மா கட்டிக் கொடுத்த தேப்லாவும் எங்கள் வீட்டு இட்லிப் பொடியும்தான் முதல் இரண்டு நாள் எங்களைக் காப்பாற்றின.

நான்தான் வற்புறுத்தி அழைத்து வந்தேன். அதற்குப் பாசம் மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். என் கைப்பையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அதைப் பற்றிப் பிறகு.

தங்கியது மெஸ்த்ரேயில். தீவுக்கு எதிரே தரைப்பக்கம் இருக்கிற பகுதி. அறை வாடகை குறைவு. காலையில் ரயில் ஏறினால் கடலுக்கு நடுவே நீளமான பாலத்தில் ஓடி, பத்து நிமிஷத்தில் சாந்தா லூச்சியா நிலையம். வெளியே வந்தால் ரோடு இல்லை. ஆட்டோ இல்லை, பஸ் இல்லை. படிக்குக் கீழே நேராகத் தண்ணீர். எதிர்க்கரையில் பச்சை நிறக் கூம்பு வைத்த தேவாலயம். மகள் "வாவ்" என்றாள். அம்மா நின்று பார்த்துவிட்டு, "தெருவைக் காணோம்?" என்றாள். வெனிஸைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

அந்த வருஷம்தான் பகலில் வந்து போகிறவர்களுக்கு, கூட்டம் அதிகமுள்ள நாட்களில், ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் கொண்டு வந்தார்கள். நாங்கள் போனது சனிக்கிழமை. மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிக்குள் வருவதால், அங்கே தங்குகிறவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அதற்கான க்யூஆர் கோடை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். எடுத்து, அச்சடித்து, நாலு நகல் வைத்திருந்தேன். தொழில் புத்தி.

வாப்பொரெத்தோ என்கிற நீர்ப்பேருந்துதான் இங்கே டவுன் பஸ். ஒரு தடவைக்கு 9.50 யூரோ, எழுபத்தைந்து நிமிஷம் செல்லும். 24 மணி நேரச் சீட்டு 25 யூரோ. நாலு பேருக்கு நூறு யூரோ, அதாவது ஒன்பதாயிரம் ரூபாய். வயிறு எரிந்தாலும் வாங்கிவிட்டேன். அது எவ்வளவு நல்ல முடிவு என்று மத்தியானம் தெரிந்தது.

முதல் எண் படகு பெரிய கால்வாய் முழுவதும் ஒவ்வொரு நிறுத்தமாக நின்று போகும். இரண்டு பக்கமும் தண்ணீரிலிருந்து நேராக எழும்புகிற மாளிகைகள். வாசல்படியில் பாசி. சில வீடுகளின் கீழ்த்தளத்தில் சுவர்ப் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிகிறது. தங்கமணி போட்டோ எடுத்துத் தள்ளினாள். அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டு வந்தாள். "உப்புப் பூத்திருக்கு" என்றாள். நான் கைடு புத்தகத்தில் மூழ்கியிருந்தேன், பதில் சொல்லவில்லை.

ரியால்தோ பாலத்துக்கு அடியில் போனபோது எனக்குக் கொஞ்சம் உணர்ச்சி வந்துவிட்டது. பி.காம். படித்தவர்களுக்கு இது ஒரு குலதெய்வக் கோயில் மாதிரி. 1591-ல் கட்டி முடித்த ஒற்றை வளைவுக் கல்பாலம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதன் அருகே சான் ஜாக்கோமோ தேவாலயத்தின் முன்னால்தான் அந்தக் காலத்து பேங்கர்கள் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பலகைக்குப் பெயர் 'பாங்கோ'. நம் வங்கிக்கு பேங்க் என்ற பெயர் வந்த வழி அது. தனியார் பேங்குகள் அடுத்தடுத்துக் கவிழ்ந்ததால் 1587-ல் அரசாங்கமே இங்கே ஒரு வங்கி ஆரம்பித்தது. அந்தத் தேவாலயத்தின் பின்சுவரில், இந்தக் கோயிலைச் சுற்றி வியாபாரம் செய்கிறவர்களின் எடை சரியாக இருக்கட்டும், ஒப்பந்தம் நேர்மையாக இருக்கட்டும் என்ற பொருளில் கல்வெட்டு இருக்கிறது. இறங்கிப் பார்க்கவேண்டும் என்று பட்டியலில் நாலாவது வரியில் வைத்திருந்தேன். அன்றைக்குப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்கே உறைத்திருக்கும்.

சான் மார்க்கோ சதுக்கம். பத்தரை மணிக்கு பசிலிக்காவில் நேரம் பதிவு செய்திருந்தோம். உள்ளே எட்டாயிரம் சதுர மீட்டருக்கு மேல் தங்க மொசைக். தரை கடல் அலை மாதிரி ஏறி இறங்குகிறது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து, "தங்கமா, முலாமா?" என்றாள். கண்ணாடிக்குள் தங்கத் தகடு வைத்த சில்லுகள் என்றேன். "அப்ப கறுக்காது" என்று தலையாட்டினாள். மாடியில் நாலு வெண்கலக் குதிரைகள். 1204-ல் கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடிக் கொண்டுவந்தவை. 1797-ல் நெப்போலியன் பாரிஸுக்குத் தூக்கிப் போய், 1815-ல் திரும்பி வந்தன. வெளியே நிற்பவை நகல்கள். அசலைப் பார்க்கச் செங்குத்தான படி. தங்கமணியும் மகளும் போனார்கள். அம்மாவும் நானும் கீழே.

வெளியே வந்ததும் வெயில். அடுத்தது மணிக்கூண்டு. 1902-ல் அப்படியே இடிந்து விழுந்து, 1912-ல் அதே மாதிரி திரும்பக் கட்டியது. லிஃப்ட் உண்டு. ஆனால் வரிசை ஒரு பர்லாங். நான் வரிசையில் போய் நின்று திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். சதுக்கத்தின் ஓரத்தில் தூண் வரிசைக்குக் கீழே படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காவலர் ஒருத்தர் குனிந்து மரியாதையாக எழுந்திருக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சதுக்கத்தில் படியில் உட்காரக்கூடாது, அபராதம் உண்டு. நாற்காலி வேண்டுமென்றால் காப்பிக் கடையில் உட்கார வேண்டும். 1720-லிருந்து நடக்கிற கடை எதிரிலேயே இருக்கிறது. இசைக்குழு வாசிக்கும்போது உட்கார்ந்தால் அந்த இசைக்கும் பில்லில் ஒரு வரி வரும்.

அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்திருக்கக்கூடாது. வந்தது. "பத்து நிமிஷம் நிக்க முடியாதாம்மா? இதுக்குத்தான் முட்டிப் பட்டை போட்டுக்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்று நாலு பேர் பார்க்கச் சத்தம் போட்டேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் என் தோளைப் பிடித்து எழுந்தாள். பட்டை போட்டிருந்தாள். புடவைக்கு உள்ளே தெரிந்தது. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தங்கமணி, "நாங்க ரெண்டு பேரும் டோஜே அரண்மனை பாத்துட்டு வர்றோம். நீங்க அத்தையோட இருங்க" என்று டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அது யோசனை அல்ல, உத்தரவு.

மணி பன்னிரண்டு. ஐந்து வரி பாக்கி. நிழலில் ஒரு சுவரோரம் நின்று வரைபடத்தைப் பார்த்தேன். படி இல்லாமல், படகில் ஒரே நிறுத்தம் தள்ளி எங்கே போகலாம்? எதிர்க்கரையில் சலூதே தேவாலயம். அதற்குப் பின்னால், மறுபக்கக் கரையில், 'மகசீனி தெல் சாலே' என்று சின்ன எழுத்தில் இருந்தது. சாலே என்றால் உப்பு. உப்புக் கிடங்குகள்.

எங்கள் அப்பா பழையகாயல் பக்கம் உப்பளத்தில் முப்பத்தாறு வருஷம் கணக்குப்பிள்ளை.

"அம்மா, உப்புக் குடோன் பாக்கப் போவோமா?" என்றேன். கோபத்தில் பேசாமல் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள். "இங்கயா?"

சலூதே 1630-ல் வந்த கொள்ளைநோய்க்கு வேண்டிக்கொண்டு மாதாவுக்குக் கட்டிய கோயில். தண்ணீர்க் கரையில் வெள்ளையாக நிற்பதைப் பார்த்து, "நம்ம பனிமய மாதா கோயில் கணக்கா இருக்கு" என்றாள் அம்மா. தூத்துக்குடிக்காரர்களுக்கு எந்தச் சாமி கும்பிட்டாலும் அந்தக் கோயில் தேர் தேர்தான். வழியில் ஒரே ஒரு சின்னப் பாலம். அவளே கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினாள். நான் அவசரப்படுத்தவில்லை. அதற்குள் கொஞ்சம் புத்தி வந்திருந்தது.

பாலம் இறங்கினால் அகலமான கரை, முன்னால் அகலமான கடல்வாய். இடது கை தண்ணீர், வலது கை ஒரே வரிசையில் பெரிய பெரிய கதவுகள் வைத்த செங்கல் கட்டிடம். அவ்வளவுதான். வாசலில் கூட்டம் இல்லை, டிக்கெட் கவுண்ட்டர் இல்லை. ஒரு காலத்தில் இந்த ஊர் பணம் பார்த்ததே உப்பில்தான். கியோஜ்ஜா, இஸ்த்ரியா, சைப்ரஸ், இபிஸா என்று எங்கெங்கிருந்தோ கப்பலில் உப்பு வந்து இறங்கும். விலையும் விற்பனையும் அரசாங்கத்தின் கையில். அந்த உப்பு இலாகாவின் வருமானத்திலிருந்துதான் ஊரின் பல பொதுக் கட்டிடங்களுக்குச் செலவு செய்தார்கள். காலையில் நாங்கள் அண்ணாந்து பார்த்த ஆடம்பரத்துக்கு அடியில் நம்ம ஊர்ச் சரக்குதான் கிடக்கிறது.

"இப்ப உள்ள உப்பு இருக்கா?"

"இல்லம்மா. படம், சிலையெல்லாம் வச்சுக் காட்டுறாங்க."

"இடிக்கலையே" என்றாள். சுவரைத் தொட்டு விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். நான் தடுப்பதற்குள் வைத்துவிட்டாள். "உப்புத்தான்" என்று சிரித்தாள். அன்றைக்கு முதல் சிரிப்பு.

கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்தோம். யாரும் எழுப்பவில்லை. தேப்லாவைப் பிரித்தேன். அம்மாவுக்குப் பழைய கதை சொல்லும் நேரம் அது என்று எனக்குத் தோன்றவில்லை, நான்தான் பேசினேன். மார்க்கோ போலோ இந்த ஊர்க்காரர், 1324-ல் இங்கேதான் செத்தார், சீனாவிலிருந்து திரும்புகிற வழியில் நம் காயலைப் பற்றி எழுதியிருக்கிறார், முத்துக் குளிப்பும் அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்குவதும் அதில் இருக்கிறது என்றேன். "நம்ம காயலுக்கா!" என்று வியந்தாள். பிறகு, அப்பா எழுதிய கணக்கு முறை இருக்கிறதே, பற்று, வரவு என்று ஒன்றுக்கு இரண்டாக எழுதுவது, அதை 1494-ல் லூக்கா பச்சோலி என்ற பாதிரியார் புத்தகமாக அச்சுப் போட்டது இந்த ஊரில்தான் என்றேன். அவர் கண்டுபிடித்தது அல்ல. இந்த ஊர் வியாபாரிகள் எழுதி வந்ததை ஒழுங்குபடுத்தினார். மூன்று புத்தகம் வைக்கச் சொல்கிறார். நம் சிட்டை, நாள்வழி, பேரேடு போலவே.

"உங்கப்பா பேரேட்டுல அவர் பக்கம் ஒண்ணு இருந்துச்சு, தெரியுமா?" என்றாள் அம்மா.

தெரியாது.

"எண்பத்தாறுல, சித்திரையில மழை பேஞ்சு அம்பாரம் அம்பாரமா இருந்த உப்பு கரைஞ்சு போச்சு. மொதலாளிக்குக் கையில காசு இல்ல. ஒரு வருசச் சம்பளம் பாக்கி. உங்கப்பா மாசாமாசம் தம் பேருல வரவு மட்டும் எழுதிட்டு வருவாரு, வீட்டுக்கு ஒண்ணும் வராது. நான் முறுக்குச் சுட்டுக் கடைக்குப் போட்டேன். நீ ஒடஞ்ச முறுக்கா தின்ன, ஞாபகம் இருக்கா? கடைசில, ரொக்கம் இல்ல, நாலு சென்ட் எடத்தை எழுதித் தாரேன்னாரு மொதலாளி. மீதிக்கும் பத்திரச் செலவுக்கும் என் சங்கிலி போச்சு. பத்திரம் முடிஞ்ச அன்னைக்கு உங்கப்பா தம் பக்கத்துல பத்து எழுதி, ரெண்டு கோடு போட்டுட்டு வந்தாரு. நேராயிருச்சுன்னு சொன்னாரு. அந்த எடந்தான் நம்ம வீடு."

உடைந்த முறுக்கு ஞாபகம் இருந்தது. எனக்குப் பிடிக்கும் என்றுதான் அம்மா அதைத் தருகிறாள் என்று நாற்பது வருஷம் நினைத்திருந்தேன்.

இப்போது அந்தப் பிளாஸ்டிக் உறை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தூத்துக்குடி வீட்டில் இடுப்பளவுத் தண்ணீர் நின்றது. சுவர் ஊறிப் போச்சு. பூட்டிக் கிடக்கிற வீடு, வருஷா வருஷம் வரி, செப்பனிடச் செலவு. மார்ச்சில் ஒரு ஆள் நல்ல விலை கேட்டார். இரண்டு லட்சம் அட்வான்ஸ் வாங்கிவிட்டேன். ஜூன் பதினைந்துக்குள் பத்திரம். அப்பா பெயரில் இருக்கும் வீடு. அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் வாரிசு. கோயம்புத்தூர் அக்காவிடம் போனில் பேசினேன். அம்மாவிடம் விலை முடிந்த பிறகு 'சொன்னேன்'. கேட்கவில்லை. அவளும் கையெழுத்துப் போடவில்லை. ஊர் மாறினால், மனசு மாறினால் போட்டுவிடுவாள் என்று காகிதத்தை வெனிஸ் வரை சுமந்து வந்திருந்தேன்.

பத்திரத்தை வரிக்கு வரி படித்தவன் நான். வில்லங்கச் சான்று எடுத்தேன், வழிகாட்டி மதிப்பு பார்த்தேன். அந்த மனை எதற்கு ஈடாக வந்தது என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை.

"விக்கக் கூடாதுன்னா இருக்கம்மா?" என்றேன்.

"அப்படி நான் சொன்னனா? வெள்ளம் வந்த வீடு. நானும் எத்தனை நாளைக்கு? நீ என்னைக் கேக்காம விலை பேசிட்டு வந்து, கையெழுத்துப் போடுன்னு நிக்குத. அதான் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு எய்யா." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "இங்கயும் வெள்ளம் வரும்லா? இவங்க என்ன செஞ்சாங்க?"

2019 நவம்பரில் கடல் 187 சென்டிமீட்டர் உயர்ந்து வந்தது, 2020-லிருந்து கடல்வாயில் எழும்புகிற மதகு போட்டுத் தடுக்கிறார்கள் என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் உண்மை என்னவென்றால், இந்தத் தீவு நகரில் 1951-ல் ஒன்றே முக்கால் லட்சம் பேர் இருந்தார்கள். இப்போது ஐம்பதாயிரத்துக்கும் கீழே. இவர்களும் வீட்டை விற்றுவிட்டு மெஸ்த்ரே பக்கம் போனவர்கள்தான். அதையும் சொன்னேன். "பாவம்" என்றாள். யாரை என்று கேட்கவில்லை.

என் மேஜைக்கு ஒரு கடன் விண்ணப்பம் வருகிறது, மூன்று வாரிசில் ஒருவரைக் கேட்காமல் மகன் விலை முடித்து அட்வான்ஸ் வாங்கியிருக்கிறான் என்றால், ஃபைலைத் திருப்பி அனுப்பியிருப்பேன். குறிப்பும் எழுதியிருப்பேன்.

நாலு மணிக்குத் தங்கமணியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். மகள் ஆச்சியின் மடியில் தலை வைத்துக் கல்லில் படுத்துக்கொண்டு, "பப்பா எதுக்கு ஆச்சியைத் திட்டினாரு?" என்று என் எதிரிலேயே கேட்டாள். "திட்டலை தாயி, பசி" என்றாள் அம்மா. நான் மன்னிப்புக் கேட்டேன். தமிழில் மன்னிப்பு என்ற சொல்லை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? "காலையில கத்திட்டேம்மா" என்றேன். "விடு" என்றாள். எங்கள் வீட்டில் அதுதான் அந்தச் சடங்கு.

இரவு அறையில் எக்செலைத் திறந்தேன். ஏழில் இரண்டரை. தரகருக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்பினேன்: அவகாசம் வேண்டும், இல்லையென்றால் அட்வான்ஸைத் திருப்பித் தருகிறேன். வாங்க வந்தவர் காத்திருக்கவில்லை. ஜூனில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வணிகவியல் கண்ணால் பார்த்தால் நஷ்டம்தான். வீட்டைச் செப்பனிட்டு, கீழ்ச்சுவர் பூச்சை உரித்து மறுபடி பூசி வாடகைக்கு விட்டிருக்கிறோம். விற்கமாட்டோம் என்றும் இல்லை. அம்மா சொல்லும்போது விற்போம்.

பெற்றோரை வெனிஸ் கூட்டிப் போகிறவர்களுக்கு, அனுபவத்தில் நாலு வரி:

ஊரில் நானூறுக்கும் மேல் பாலங்கள், பெரும்பாலும் படி. நாள் சீட்டு வாங்கிப் படகிலேயே சுற்றுங்கள்.

குடிதண்ணீர்க் குழாய் ஊர் முழுக்க இருக்கிறது, இலவசம். பாட்டில் கொண்டு போங்கள்.

சான் மார்க்கோவில் எங்கே உட்காருவது என்று முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு போங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வேண்டாம். மீதி நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேச விடுங்கள்.

இரண்டாம் நாள் முரானோ கண்ணாடித் தீவு. கூடவே, நாலாவது வரியில் விட்டுப்போன அந்த ரியால்தோ கல்வெட்டு. அடுத்த பதிவில். :)